எல்லை தாண்டினா பேட்டரி விலை குறையுமா?

குளத்தூர்க்காரங்க எதை வாங்கப் போனாலும் முதல்ல ஒரு கேள்வி வரும். "தமிழ்நாட்டுல என்ன விலை?"

கேக்கத்தான் செய்வாங்க. கேரளத்துல நெய்யாற்றின்கரை தாலுகாவோட தெக்கு ஓரத்துல இருக்கிற ஊராட்சி இது. பொழியூர் கடற்கரையில மணல்லயே நடந்து போனா நீரோடி வந்துரும். அது கன்னியாகுமரி மாவட்டம். இந்தப் பக்கம் பாறசாலை, அந்தப் பக்கம் களியக்காவிளை. 1956 நவம்பர் 1-ல மாநிலம் பிரிச்சப்போ கோடு போட்டாங்களே தவிர, சொந்தபந்தத்தையும் சந்தைக்குப் போற வழியையும் யாரும் பிரிக்கல. ஒரே வீட்டு வாசல்ல கேஎல் 19 காரும் டிஎன் 75 பைக்கும் நிக்கும். ஒண்ணு பாறசாலை ரெஜிஸ்ட்ரேஷன், இன்னொண்ணு மார்த்தாண்டம்.

பெட்ரோல் விஷயத்துல இந்தக் கேள்வி சரியான கேள்வி. 2023 ஏப்ரல் 1-லேருந்து கேரளத்துல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ் போட்டாங்க. களியக்காவிளை பக்கத்து பங்க்ல கேரள வண்டிங்க வரிசை கட்டுறதுக்கு வேற காரணமே வேண்டாம். சின்னத் தொகைதான். ஆனா முப்பத்தஞ்சு லிட்டர் டேங்குக்கு அந்த செஸ் மட்டும் 70 ரூபாய். ரெண்டு டீ, ரெண்டு வடை, மிச்சமும் இருக்கும்.

அதே புத்தியோடதான் பேட்டரி வாங்கவும் கிளம்புறாங்க. அங்கதான் கணக்கு உதைக்குது.

பெட்ரோல் இன்னிக்கு வரைக்கும் ஜிஎஸ்டிக்கு வெளிய இருக்கு. மாநிலம் தன் இஷ்டத்துக்கு வரி போடலாம், அதான் விலை மாறுது. கார் பேட்டரி அப்படி இல்ல. 2017 ஜூலை 1-லேருந்து ஜிஎஸ்டிக்குள்ள. நெய்யாற்றின்கரைக் கடையிலயும் அதே வரி, மார்த்தாண்டத்துலயும் அதே வரி. முதல்ல 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22-லேருந்து 18. அமரவிளை செக்போஸ்ட்ல லாரிங்க மணிக்கணக்கா நின்ன காலத்துக் கணக்கு இப்ப செல்லாது.

இந்த 28-லேருந்து 18-ங்கிறது சும்மா விட்டுடுற விஷயம் இல்ல. வரிக்கு முன்னாடி விலை 4,000 ரூபாய்னு வச்சுக்குங்க. முன்னாடி 5,120 ஆகும். இப்ப 4,720. நானூறு ரூபாய் வித்தியாசம். கடைக்காரர் "ஸ்பெஷல் டிஸ்கவுண்ட் 400"னு சொல்லி அதையே தூக்கிக் குடுத்தா, அது அரசாங்கம் குறைச்சது, அவர் குறைச்சது இல்ல. (சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, சண்டை வேண்டாம்.) பில்லுல வரி எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். படிக்க பத்து செகண்ட் ஆகும்.

அப்ப ரெண்டு பக்கமும் விலை ஒண்ணேதானா? கடைக்குக் கடை மாறும். கூட்டம் அதிகம், போட்டி அதிகம்னா டீலர் தன் கமிஷன்ல கொஞ்சம் விட்டுக்குடுப்பார். மார்த்தாண்டத்துல கடைங்க ஜாஸ்தி, அதனால சில சமயம் எரநூறு முந்நூறு குறையலாம். ஆனா அது எல்லையால வர்ற லாபம் இல்ல, நாலு கடை ஏறி இறங்குறதால வர்ற லாபம். நாலு கடைக்கு போன் போட்டாலே பாதி கிடைச்சிரும்.

பணம் உண்மையிலேயே மிச்சமாகிற இடம் வேற. கடைக்குப் போறதுக்கு முன்னாடியே அது வந்துருது.

காலையில சாவியைத் திருப்புறார் ஒருத்தர். "டக் டக் டக்"னு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல்லேருந்தே தீர்ப்பு சொல்லிருவார்: "பேட்டரி போச்சு." ஒர்க்‌ஷாப் ஆசானும் போன்லயே "மாத்திருங்க அண்ணா"ன்னுருவார். மூணு பேர்ல ஒருத்தர் கூட மீட்டர் வச்சுப் பாக்கல. ஐயாயிரம் ரூபாய் செலவை ஒரு சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு பண்ணுறது நம்ம ஊர்லதான் நடக்கும்.

கார் பேட்டரிக்குள்ள ஆறு அறை இருக்கு. ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட்டு. மொத்தம் 12.6. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திட்டு, காலையில ஸ்டார்ட் பண்ணாம மல்டிமீட்டர் வச்சா 12.6 காட்டினா முழு சார்ஜ். 12.4-ன்னா முக்கால். 12.2-ன்னா பாதி. 12-க்கு வந்துட்டா கால்வாசிதான் மிச்சம். இதுல பேட்டரி கெட்டுப்போச்சுன்னு எந்த எண்ணும் சொல்லல, சார்ஜ் எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லுது. கெட்டுதா இல்லையான்னு தெரியணும்னா, முழுசா சார்ஜ் ஏத்திட்டு ஸ்டார்ட் அடிக்கிற நேரத்துல வோல்ட்டு எவ்வளவு விழுதுன்னு பாக்கணும். 9.6-க்குக் கீழ போச்சுன்னா சந்தேகப்படலாம். நல்ல பேட்டரிக் கடையில லோடு டெஸ்டர் இருக்கும், பெரும்பாலும் இலவசமாவே பாத்துச் சொல்லுவாங்க.

அடுத்தது ஆல்டர்னேட்டர். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில 13.8-லேருந்து 14.5 வரைக்கும் காட்டணும். காட்டலைன்னா சார்ஜே ஏறல. அப்ப புது பேட்டரி போட்டாலும் கொஞ்ச நாள்ல அதுவும் படுத்துரும். ஆளு கடைக்கு ஓடி வந்து "டூப்ளிகேட் குடுத்துட்டீங்க"ன்னு கத்துவார். கடைக்காரர் பாவம்.

பொழியூர், பூவார் பக்கம் இன்னொரு வில்லன் இருக்கான். உப்புக் காத்து. டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்துக் கிடக்கும். கரண்ட் போக வழி இல்லாம ஸ்டார்ட்டர் திணறும். பேட்டரி மேல பழி. ஆப்பசோடா கலந்த வெந்நீர் ஊத்தி, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, காய வச்சு, இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவினா சரியாயிரும். செலவு இருபது ரூபாய்க்குள்ள.

இந்த ஊர்ல பேட்டரி சீக்கிரம் சாகுறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு வெயில். பேட்டரி தொழில்ல ஒரு நாட்டுக் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடக்கூட ஆயுசு ஏறக்குறைய பாதியாகும். குளிர் நாட்டுல பேட்டரி பனிக்காலத்துல கண்ணை மூடும். இங்க கோடையில உள்ளுக்குள்ள அரிச்சு, மழைக்காலத்துல கவுத்துரும்.

ரெண்டாவது காரணம், ஓட்டம் இல்லாம நிக்கிற கார். சார்ஜாவிலயோ மஸ்கட்லயோ வேலை பாக்கிறவர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மத்த நாளெல்லாம் வண்டி போர்ட்டிகோவுல தார்ப்பாய் போத்திக்கிட்டுத் தூங்கும். தூங்கும்போதும் கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். 50 மில்லி ஆம்பியர் உறிஞ்சுதுன்னு வைங்க, அது சாதாரணம்தான். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். சின்னக் கார்ல இருக்கிறது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. ரெண்டே வாரத்துல பாதி காலி. சார்ஜ் குறைஞ்சபடியே கிடந்தா தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கல்லாகிரும், அதுக்கப்புறம் சார்ஜர் போட்டாலும் பழைய தெம்பு வராது.

"வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடு"ன்னு போன்ல மச்சானுக்கு உத்தரவு போகும். மச்சானும் கடமையா செய்வார். கணக்கு பாத்தா பிரயோஜனம் இல்ல. ஒரு வாரத்துல போனது எட்டு ஆம்பியர்-அவருக்கு மேல. சும்மா ஐடில்ல அஞ்சு நிமிஷம் நின்னா திரும்பி வர்றது ஒண்ணோ ஒண்ணரையோ. அதைவிட நெகட்டிவ் ஒயரைக் கழட்டி வைக்கிறது மேல். 10 நம்பர் ஸ்பானர் ஒண்ணு போதும். (கழட்டுறதுக்கு முன்னாடி கதவை எப்படித் திறப்போம்னு யோசிச்சுக்குங்க, சில கார்ல சாவித் துவாரம் ஒரு கதவுல மட்டும்தான்.)

2020-ல இது ஊர் முழுக்கத் தெரிஞ்சுது. மார்ச் 25-ல ஊரடங்கு ஆரம்பிச்சு, எல்லையில தடுப்பு விழுந்து, கார் எல்லாம் அப்படியே நின்னுது. மே மாசம் வெளி மாநிலத்துலேருந்து வர்ற மலையாளிகளை இஞ்சிவிளை செக்போஸ்ட் வழியா உள்ள விட ஆரம்பிச்சப்போ, கூட்டிட்டு வரப் போகணும்னு சாவியைத் திருப்பினவங்கள்ல பல பேருக்கு பதில் வரல. ஜம்பர் கேபிள்னு ஒரு பொருள் இருக்குன்னு நிறைய பேருக்கு அப்பதான் தெரிஞ்சுது.

ஒரு காலத்துல இந்தத் தொல்லையே இல்ல. முன்னாடி இரும்புக் கம்பியைச் சொருகிச் சுத்தினா வண்டி கிளம்பும். பழைய அம்பாசிடர்ல கூட அந்தக் கம்பி உண்டு. எதிர்ப்பக்கம் உதைச்சா கை எலும்பு போயிரும், அது வேற விஷயம். அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 காடிலாக் கார்ல வந்ததுக்கப்புறம்தான் கார் ஓட்டுறதுக்கு புஜபலம் தேவை இல்லாமப் போச்சு. அதுக்கு ஆதாரமா இருந்த ஈய-அமில பேட்டரி அதுக்கும் அரை நூற்றாண்டு முந்தினது. 1859-ல பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாந்தே செய்தது. இன்னிக்கு கடையில வாங்குறதும் அடிப்படையில அதே ஈயம், அதே கந்தக அமிலம்தான்.

சரி, எல்லாம் பாத்தாச்சு, பேட்டரி நிஜமாவே போயிருச்சு. கடைக்குப் போறோம்.

"என்ன வண்டி?"ன்னு கேட்டு, அதுக்கு ஒத்து வர்ற நம்பரைச் சொல்லுவாங்க. 38பி20எல், அது மாதிரி. புரியாத மந்திரம் எல்லாம் இல்ல. ஜப்பான்காரன் முறை. 38-ங்கிறது திறன், பி-ங்கிறது அகல உயரக் கணக்கு, 20-ங்கிறது நீளம் சென்டிமீட்டர்ல. கடைசி எழுத்து எல்-ஆ, ஆர்-ஆங்கிறதுதான் ஆளைக் கவுக்கும். பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம்னு சொல்லுறது அது. மாத்தி வாங்கிட்டா ஒயர் எட்டாது. இழுத்து எட்ட வச்சா இன்னும் மோசம். பழைய பேட்டரியை ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போறது நல்லது.

"சி.சி.ஏ. கூட இருக்கிற மாடல் இது சார்"ன்னு கொஞ்சம் விலை ஏத்தப் பாப்பாங்க. குளிர்ல ஸ்டார்ட் அடிக்க பேட்டரி எவ்வளவு கரண்ட் குடுக்கும்ங்கிற எண் அது, அளக்கிறது மைனஸ் 18 டிகிரியில. பாறசாலையில மைனஸ் 18 வந்தா பேட்டரியைப் பத்திக் கவலைப்பட ஆளே இருக்க மாட்டாங்க. டீசல் வண்டிக்கு நல்ல உதை வேணும், அங்க இந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. சின்ன பெட்ரோல் காருக்கு கம்பெனி சொன்ன அளவு இருந்தாப் போதும்.

ஒரே ஒரு இடத்துல கஞ்சத்தனம் கூடாது. சிக்னல்ல நின்னா தானா இன்ஜின் அணைஞ்சு, கிளச் மிதிச்சதும் தானா கிளம்புற கார் இருக்கு இல்லையா, அதுக்கு இ.எஃப்.பி. இல்லாட்டி ஏ.ஜி.எம். ரகம் வேணும். விலை கூடத்தான். சாதா பேட்டரி போட்டா ஓடும், ஆனா அவ்வளவு தடவை ஸ்டார்ட் அடிக்கிறதைத் தாங்காது.

பிராண்டு? எக்சைடா அமரானான்னு டீக்கடையில பட்டிமன்றம் வைக்கலாம். எக்சைடோட பூர்வீகம் 1947-ல தொடங்கின கம்பெனி, கொல்கத்தாவுல தலைமையகம், ஓசூர்ல ஆலை இருக்கு. எஸ்.எஃப். சோனிக்கும் அவங்களோடதுதான். அமரான், திருப்பதி பக்கத்து அமரராஜாவோடது. டாடா கிரீனுக்குப் பின்னாடி ஜப்பான் ஜி.எஸ். யுவாசா கூட்டு. எல்லாம் காலம் பாத்த கம்பெனிங்க. பிராண்டைவிட முக்கியம், அந்தக் குறிப்பிட்ட பெட்டி எந்த மாசம் செய்தது, எத்தனை நாளா அலமாரியில உக்காந்திருக்குங்கிறது. சும்மா இருந்தாலும் பேட்டரி தன்னால இறங்கும். தயாரிப்புத் தேதி மேல குறியா அடிச்சிருக்கும், கடைக்காரரையே வாசிக்கச் சொல்லுங்க. ஆறு மாசம் தாண்டினதுன்னா வேற கேளுங்க. "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு பதில் வந்தா, மீட்டர் வைக்கச் சொல்லுங்க. 12.4-க்குக் கீழ காட்டுற புது பேட்டரிக்கு புது விலை எதுக்கு?

இப்ப வாரண்டி. எல்லாரும் ஏமாறுற இடம் இது.

அட்டையில பெருசா "36 மாதம்"னு இருக்கும். கீழ பொடி எழுத்துல அது 18 கூட்டல் 18-ன்னு பிரிஞ்சிருக்கும். முதல் பாதியில கெட்டா சும்மா மாத்திக் குடுப்பாங்க. ரெண்டாவது பாதிக்கு பேரு புரோ ரேட்டா. புதுசு வாங்கும்போது ஒரு சதவீதம் கழிவு தருவாங்க, மாசம் ஆக ஆக அந்தச் சதவீதம் குறையும்.

கழிவு எதுலேருந்து? எம்.ஆர்.பி.யிலேருந்து. உதாரணத்துக்கு எம்.ஆர்.பி. 6,000. கடையில பேசி, பழசையும் குடுத்தா 4,700-க்குக் கிடைக்குது. முப்பதாவது மாசம் கெட்டு, 25 சதவீதம் கழிவு கிடைக்குதுன்னு வச்சா 4,500 கட்டணும். பழைய பேட்டரி வாரண்டியில போயிரும், அதுக்கு காசு இல்ல. கிளெய்ம் போட்டு, டெஸ்ட்டுக்குக் குடுத்து, காத்துக்கிடந்து, மிச்சம் 200 ரூபாய்! அதனால ரெண்டு மாடலை ஒப்பிடும்போது மொத்த மாசத்தைப் பாக்காம, சும்மா மாத்திக் குடுக்கிற மாசத்தை மட்டும் பாருங்க. 18-ஆ, 24-ஆ, 30-ஆ? அதுக்குத்தான் காசு குடுக்கிறோம்.

இன்னொண்ணு. வாரண்டியில மாத்திக் குடுத்த பேட்டரிக்குப் பொதுவா புது வாரண்டி ஆரம்பிக்காது, பழைய தேதியிலேருந்தே ஓடும். டாக்சிக்கு வாரண்டி காலம் தனியா, குறைவா போட்டிருப்பாங்க. மஞ்சள் போர்டுக்காரர் 36-ன்னு நம்பி வாங்கிட்டு பின்னாடி வருத்தப்படக் கூடாது.

எல்லை விஷயம் நிஜமாவே இங்கதான் உதவுது, ஆனா தலைகீழா. வாரண்டி நாடு முழுக்க செல்லும்தான். ஆனா செத்துப்போன பேட்டரியைத் தூக்கிக்கிட்டு, ஓடாத காரை விட்டுட்டு, எந்தக் கடைக்குப் போக வசதின்னு யோசிங்க. முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மார்த்தாண்டத்துல வாங்கினவர் கிளெய்முக்கு ரெண்டு தடவை ஆட்டோ பிடிச்சா அந்த முந்நூறு எங்க போச்சு? உச்சக்கடையிலயோ பாறசாலையிலயோ போன் போட்டா ஆள் வண்டியில வந்து மாட்டிட்டுப் போற கடைக்கு நூறு எரநூறு கூடக் குடுத்தாலும் நட்டம் இல்ல. பில்லுல பேரு, வண்டி நம்பர், பேட்டரி சீரியல் நம்பர் மூணும் இருக்கணும். வெள்ளைத் துண்டுக் காகிதத்துல எழுதிக் குடுத்தா வாரண்டி அந்தக் காகிதத்தோட போச்சு.

பாதி விலைக்கு "ரீகண்டிஷன்" பேட்டரி கிடைக்கும். ஆறு மாசம் வாய் வாரண்டி. காரை விக்கப் போறவர் வாங்கலாம். (வாங்குறவர் பாவம், ஆனா அவரும் மல்டிமீட்டர் கொண்டு வரலாமே.) மத்தவங்களுக்கு மாசக் கணக்குப் போட்டா புதுசே மலிவு.

பழைய பேட்டரி குப்பை இல்ல. எடையில பாதிக்கு மேல ஈயம். டீலர் திருப்பி எடுத்துக்கிட்டு விலையில கழிச்சுக் குடுக்கணும்னு 2001 விதியிலயே இருந்துது. 2022 ஆகஸ்ட்ல அதுக்குப் பதிலா புது பேட்டரிக் கழிவு விதிகள் வந்து, சேகரிச்சு மறுசுழற்சி பண்ணுற பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில வச்சுது. ஆக, விலை கேக்கும்போதே "பழசு குடுத்தா எவ்வளவு, குடுக்கலைன்னா எவ்வளவு"ன்னு ரெண்டா கேளுங்க. ஒரே விலையா சொல்லுறவர் பழசோட காசைத் தன் பையில போட்டுக்கிறார்.

பழைய சாமான் வாங்குற ஆக்கர்காரர் நூறு கூடத் தர்றேன்னு வந்தா ஆசையா இருக்கும். அவர் அமிலத்தை எங்கயாவது சாக்கடையில ஊத்திட்டு, ஈயத்தைத் திறந்த வெளியில உருக்குற இடத்துக்கு அனுப்ப வாய்ப்பு இருக்கு. செனகல் நாட்டுல டாக்கார் பக்கத்துல தியாரோய்-சூர்-மேர்னு ஒரு புறநகர். அங்க பழைய பேட்டரியிலேருந்து ஈயம் எடுத்த மண்ணால 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் நடுவுல 18 குழந்தைங்க செத்துப்போனாங்க. கென்யாவுல மொம்பாசா பக்கத்து ஓவினோ உஹுரு குடியிருப்புல பேட்டரி உருக்கு ஆலைக்கு எதிரா போராடின ஃபிலிஸ் ஒமிடோவுக்கு 2015-ல கோல்ட்மேன் விருது கிடைச்சுது. அந்த ஆலையில வேலை பாத்தவங்க அவங்க. தன் கைக்குழந்தை ரத்தத்துலயே ஈயம் இருக்குன்னு கண்டுபிடிச்சதுலதான் அந்தப் போராட்டம் தொடங்குது. யூனிசெஃப் 2020-ல வெளியிட்ட அறிக்கையில உலகத்துல 80 கோடி குழந்தைங்க ரத்தத்துல ஈயம் அளவுக்கு மேலன்னு சொன்னாங்க, அதுல இந்தியாவுல மட்டும் 27.5 கோடி. நூறு ரூபாய்க்காக அந்தச் சங்கிலியில ஒரு கண்ணி ஆக வேண்டாம். பேட்டரி வாங்கின கடையிலேயே குடுத்துருங்க.

மாட்டுறப்போ ஆளை விட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. பேட்டரியை அமுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் ஒழுங்கா இறுகணும். குழி ரோட்டுல ஆடுற பேட்டரி உள்ள தகடு உதிர்ந்து சீக்கிரம் போகும். இன்ஜினைப் போட்டு, ஹெட்லைட்டு ஏசி எல்லாம் போட்டு, மீட்டர் 13.8-க்கு மேல நிக்குதான்னு ஆள் கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துருங்க.

இதெல்லாம் பெட்ரோல், டீசல்காரங்க தலைவலி, நம்மகிட்ட மின்சாரக் கார் இருக்குன்னு இருக்கிறவங்களுக்கு ஒரு சேதி. நெக்சான் இவி மாதிரி கார்லயும் முன்னாடி ஒரு 12 வோல்ட் ஈய பேட்டரி இருக்கு. அடியில இருக்கிற பெரிய பேட்டரியை இணைச்சு வண்டியை எழுப்புற ரிலேக்கும், கதவு பூட்டுக்கும், ஸ்க்ரீனுக்கும் கரண்ட் அதுலேருந்துதான். அது இறங்கினா பெரிய பேட்டரியில நூறு சதவீதம் சார்ஜ் இருந்தாலும் வண்டி நகராது. அவங்களும் இதே கடைக்குத்தான் வரணும், அதே 18 சதவீத வரியோட.